மூன்று முறை சரியாக வந்த தூரம்: பீரங்கிக் குண்டைக் கணினியில் பறக்கவிட்ட பதிவு

காற்றே இல்லாவிட்டால் 32 கிலோமீட்டர் போக வேண்டிய குண்டு 14.6 கிலோமீட்டரிலேயே விழுந்துவிடுகிறது. பாதிக்கும் மேல் காற்று தின்றுவிடுகிறது. இந்த ஒரு கணக்குதான் என்னை இரண்டு வாரம் உட்கார வைத்தது.

எடுத்துக்கொண்டது எம்114 என்ற 155 மில்லிமீட்டர் ஹோவிட்சர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கப் பீரங்கி. அதன் எண்கள் எல்லாம் பல காலமாக எல்லோருக்கும் தெரிந்தவை: குண்டின் எடை 43 கிலோவுக்குச் சற்று மேல், குழல் வாயை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு 563 மீட்டர், அதிகபட்ச வீச்சு 14,600 மீட்டர். பள்ளியில் படித்த சூத்திரப்படி 45 டிகிரியில் சுட்டால் வீச்சு என்பது வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வருவது. 563ஐ வர்க்கப்படுத்தி 9.81ஆல் வகுத்தேன். 32,311 மீட்டர். இந்த 32.3க்கும் 14.6க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை நானே ஒரு பைதான் நிரல் எழுதிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். நடுவில் விடை மூன்று முறை "சரியாக" வந்தது. முதல் இரண்டு முறையும் நிரல் தப்பு.

முதலில் ஒரு பந்து

நிரலுக்கு முன்னால், காற்றுத்தடை என்பதைக் கையால் ஒரு தடவையாவது அளந்துவிட வேண்டும் என்று தோன்றியது. சூத்திரம் தெரியும்: காற்றின் அடர்த்தியில் பாதி, அதைப் பெருக்க வேகத்தின் வர்க்கம், அதைப் பெருக்க முகப்புப் பரப்பு, அதைப் பெருக்க இழுவைக் குணகம். கடைசியில் சொன்ன அந்தக் குணகம்தான் உருவத்தின் குணத்தையெல்லாம் ஒற்றை எண்ணாகச் சுருக்கி வைத்திருக்கிறது. அது புத்தகத்தில் கிடைக்கும். ஆனாலும் அளந்த எண்ணுக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

மேசைப்பந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். இவ்வளவு லேசான பொருளைத்தான் காற்று உடனே பிடித்து நிறுத்தும். மாடிப்படியின் நடு இடைவெளியில் சரியாக 6 மீட்டர் உயரம் அளந்து, விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியைக் கீழே நிறுத்தி, மேலிருந்து பந்தை விட்டேன். காற்று இல்லையென்றால் 6 மீட்டர் விழ 1.106 விநாடி, அதாவது 265 படம் ஆகும். எனக்கு வந்தது 300க்கும் 306க்கும் இடையில். பத்து முறை விட்டதில் சராசரி 303.

அந்த முப்பத்தெட்டு படங்கள்தான் காற்றின் பங்கு. திருப்பிப் போட்டுக் கணக்கிட்டால் இழுவைக் குணகம் 0.50 வந்தது. கோளத்துக்கு இந்த வேகத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு 0.47 பக்கம். பரவாயில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் எப்போதும் ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும் பிழை எனக்குப் பிடிக்காது.

பந்தை விடும்போது விரல் தடுக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டு, நூலில் கட்டி நூலை எரித்து விட்டுப் பார்த்தேன். மாற்றம் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, பந்து காற்றில் மிதக்கவும் செய்கிறது! 40 மில்லிமீட்டர் பந்து தள்ளிவிடும் காற்றின் எடை கிட்டத்தட்ட 0.04 கிராம். 2.7 கிராம் பந்துக்கு அது ஒன்றரை சதவீதம். அது போக, பந்து முடுக்கப்படும்போது சுற்றியுள்ள காற்றையும் கொஞ்சம் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. கோளத்துக்கு அது தள்ளிய காற்றின் எடையில் பாதி. இரண்டையும் சேர்த்ததும் 0.50 என்பது 0.46க்கு இறங்கியது. ஒரு படம் கூடக் குறைய எண்ணினாலே குணகம் 0.01க்கு மேல் நகரும் என்பதால், இதற்கு மேல் இந்த முறையில் நுணுக்கம் தேடுவது வீண். 43 கிலோ இரும்புக்கு மிதப்பு ஒரு பொருட்டே இல்லை. அதை நிரலில் சேர்க்கவில்லை.

காற்றில்லாத இடத்தில் ஒரு பிழை

நிரலின் முதல் வடிவம் எளியது. ஒவ்வொரு சிறு கால இடைவெளிக்கும் முடுக்கத்தைக் கண்டுபிடி, வேகத்தை மாற்று, இடத்தை மாற்று, தரையைத் தொடும்வரை திரும்பச் செய். காற்றுத்தடையைப் பூச்சியமாக வைத்துவிட்டு ஓட்டினால் 32,311 வர வேண்டும். 1 விநாடி இடைவெளியில் ஓட்டினேன். 32,709 வந்தது. 398 மீட்டர் அதிகம்.

398 எங்கேயோ பார்த்த எண்ணாக இருந்தது. 563ஐ 45 டிகிரியில் பிரித்தால் கிடைமட்ட வேகம் 398.1. அதாவது குண்டு சரியாக ஒரு விநாடி கூடுதலாகப் பறந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் பழைய வேகத்தை வைத்தே இடத்தை நகர்த்தியதால், மேலே போகும்போது கொஞ்சம் அதிகமாக ஏறி, இறங்கும்போது கொஞ்சம் மெதுவாக இறங்கி, மொத்தத்தில் ஒரு படி நேரம் கூடிவிட்டது. இடைவெளியை 0.1 விநாடியாக்கினால் பிழை 40 மீட்டராகக் குறைகிறது. ஆனால் அது வலிக்கு மாத்திரை மாதிரிதான். படியின் நடுப்புள்ளியில் உள்ள வேகத்தை எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பிழை போயே போயிற்று.

இந்த மாதிரி விடை முன்பே தெரிந்த கணக்கை முதலில் ஓட்டிப் பார்ப்பது அலுப்பான வேலைதான். பின்னால் வந்த தொல்லையில் இந்தப் பழக்கம் ஒன்றுதான் காப்பாற்றியது.

முதல் "சரி"

அடுத்து காற்றுத்தடை. குணகம் 0.3 என்று நிலையாக வைத்தேன். ஒலியை மிஞ்சும் வேகத்தில் கூர்முனைக் குண்டுக்கு அது தோராயமாகப் பொருந்தும். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. ஓட்டியதும் குண்டு பரிதாபமாகப் பக்கத்திலேயே விழுந்தது, நான் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. பரப்பைப் பார்த்தேன். பை பெருக்கல் விட்டத்தின் வர்க்கம் என்று எழுதி, நாலால் வகுக்க மறந்திருக்கிறேன். காற்று நாலு மடங்கு அடர்த்தியானது போல. இப்படிக் கண்ணில் குத்தும் பிழை நல்ல பிழை. திருத்தி மறுபடி ஓட்டினேன்.

14.0 கிலோமீட்டர்.

உண்மை வீச்சு 14.6. முதல் முயற்சியிலேயே இவ்வளவு நெருக்கமா! அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் வேறு எதையோ செய்யப் போய்த்தான் ஒரு பிழை பிடிபட்டது. முதல் சில படிகளைத் தாளில் கையாலேயே போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தக் காலத்தில் சுடும் அட்டவணைகளை (எந்தக் கோணத்தில் சுட்டால் எவ்வளவு தூரம் என்ற பட்டியல்களை) மனிதர்கள் இப்படித்தான் போட்டார்கள். 60 விநாடிப் பறப்பு ஒன்றை மேசைக் கணிப்பானோடு ஒருவர் கணக்கிட 20 மணி நேரம் ஆகுமாம். எனியாக் என்ற மின்னணுக் கணினியைக் கட்டத் தொடங்கியதே இந்த அட்டவணை வேலைக்காகத்தான், 1946இல் அது வெளியுலகுக்குக் காட்டப்பட்டபோது அதே கணக்கை 30 விநாடியில் முடித்தது.

சரி, என் தாளுக்கு வருவோம். அடர்த்தி, பரப்பு, குணகம், எடை நான்கையும் சேர்த்துச் சுருக்கினால் ஒரு மீட்டருக்கு 0.0000804 என்ற மாறிலி கிடைக்கிறது. அதை 563இன் வர்க்கத்தால் பெருக்கினால் தடையால் வரும் வேகக்குறைப்பு விநாடிக்கு விநாடி 25.5 மீட்டர். புவியீர்ப்பைப் போல இரண்டரை மடங்கு. 43 கிலோ எஃகைக் காற்று அதன் எடையைவிட இரண்டரை மடங்கு விசையோடு பின்னால் தள்ளுகிறது என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது. இது 45 டிகிரியில் கிடைமட்டமாக 18.0, செங்குத்தாக 18.0 என்று பிரியும். செங்குத்தில் புவியீர்ப்பும் சேர 27.8. ஒரு விநாடி கழித்துக் கிடைமட்ட வேகம் 380.1.

நிரல் காட்டியது அதைவிடக் கூடுதலாக இருந்தது.

நான் செய்த தப்பு இதுதான்: கிடைமட்டத் தடைக்குக் கிடைமட்ட வேகத்தின் வர்க்கம், செங்குத்துத் தடைக்குச் செங்குத்து வேகத்தின் வர்க்கம் என்று தனித்தனியாக எழுதிவிட்டேன். பார்க்க நியாயமாகவே இருக்கும். ஆனால் காற்றுக்கு நம் கிடைமட்டமும் செங்குத்தும் தெரியாது. அதற்குத் தெரிந்தது குண்டு எவ்வளவு வேகமாக வருகிறது என்பது மட்டும்தான். மொத்த வேகத்தின் வர்க்கத்தை எடுத்து, அப்புறம்தான் திசை வாரியாகப் பிரிக்க வேண்டும்.

இதை அம்பலப்படுத்த ஒரு நல்ல சோதனை உண்டு. புவியீர்ப்பை அணைத்துவிட்டு, ஒரு குண்டைக் கிடைமட்டமாகவும் இன்னொன்றை 45 டிகிரியிலும் சுடுங்கள். இரண்டும் ஒரே அளவு வேகம் இழக்க வேண்டும். என் பழைய நிரலில் 5 விநாடி கழித்து கிடைமட்டக் குண்டு 459 மீ/வி, சாய்ந்த குண்டு 485 மீ/வி. திசையை மாற்றினால் காற்று மெலிகிறதாம்! திருத்திய பிறகு இரண்டும் 459.

வீச்சு இப்போது 12.3 கிலோமீட்டர். தப்பு நிரல் 14.0, சரியான நிரல் 12.3, உண்மை 14.6. திருத்தத் திருத்த உண்மையிலிருந்து விலகிப் போவது மனசுக்கு ஒப்பவில்லைதான். குணகத்தைக் கொஞ்சம் தட்டி 14.6க்குக் கொண்டுவரக் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

உயரத்தில் மெலியும் காற்று

விட்டுப்போனது எது என்பது இந்த ஓட்டத்திலேயே தெரிந்தது. குண்டின் உச்சி 4.3 கிலோமீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. நான் வழி முழுக்கத் தரைக்காற்றையே ஊற்றியிருக்கிறேன். பன்னாட்டுத் தர வளிமண்டலம் என்ற பொது மாதிரியின்படி தரையில் 15 டிகிரி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைவு. அதிலிருந்து வரும் அடர்த்தியை நாலே வரியில் சேர்த்தேன்.

14.1 கிலோமீட்டர். இரண்டாவது "சரி".

இதோடு ஒரு வேடிக்கையையும் பார்த்தேன். காற்றில்லா உலகில் அதிகத் தூரத்துக்கு 45 டிகிரி. எங்கும் ஒரே அடர்த்தியுள்ள காற்றில் ஓட்டினால் சிறந்த கோணம் 45க்குக் கீழே, 40 பக்கமாக இறங்குகிறது. காற்றில் நீண்ட நேரம் தங்குவதே நஷ்டம் என்பதால். ஆனால் உயரத்தில் காற்று மெலியும் என்று சேர்த்ததும் கோணம் மறுபடி மேலே ஏறுகிறது. மேலே போனால் தடை குறைவு, அங்கே போய்ப் பறப்பது லாபம். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் 45க்கு அருகிலேயே வந்து நிற்பது தற்செயல். பள்ளிப் பாடம் சொன்ன காரணம் வேறு.

ஒலிச் சுவர்

0.3 என்ற நிலையான குணகம் உறுத்திக்கொண்டே இருந்தது. குண்டு புறப்படும்போது ஒலியைப் போல 1.65 மடங்கு வேகம். கொஞ்ச நேரத்தில் ஒலிவேகத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் காற்று ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒலிவேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று எகிறுவதை 1742இலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் கவனித்து எழுதியிருக்கிறார். அவருடைய கருவி ஒரு ஊசல்: தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு தூரம் ஊசலாடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டுபிடிப்பது. கட்டையைத் தள்ளித் தள்ளி வைத்தால் வழியில் காற்று பிடுங்கிய வேகமும் தெரிந்துவிடும். என் கைபேசியைவிட எவ்வளவோ முரட்டுக் கருவி, ஆனால் அவர் கண்ணில் பட்டது எவ்வளவு பெரிய விஷயம்! அதற்கான காரணத்தைக் கண்ணால் காட்டியவர்கள் இயற்பியலாளர்கள் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஹரும். 1887இல் அவர்கள் வெளியிட்ட படத்தில், பறக்கும் தோட்டாவின் முன்னால் அதிர்வலை கூம்பாக விரிந்து நிற்கிறது. அந்த அலையை உண்டாக்கும் ஆற்றல் எல்லாம் தோட்டாவின் கணக்கிலிருந்துதான் போகிறது.

இந்த வகை உருவத்துக்கான பொதுவான வளைவு ஒன்றை நிரலில் அட்டவணையாகப் போட்டேன். மாக் எண் (வேகம் ஒலிவேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) 0.8 வரை குணகம் 0.14. 0.9இல் 0.16. 0.95இல் 0.22. ஒலிவேகத்தில் 0.32. அதைத் தாண்டியதும் 0.39 என்று உச்சம் தொட்டு, அப்புறம் வேகம் கூடக்கூட மெல்ல இறங்கி 1.65இல் 0.335. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு. இந்தப் படிக்கட்டில் 0.9இலிருந்து 1.05க்குள் குணகம் இரண்டு மடங்குக்கு மேல் தாவுவதால், கால இடைவெளியைப் பெரிதாக வைத்தால் குண்டு அந்த மேட்டை மிதிக்காமலே தாண்டிவிடும். 0.05 விநாடிக்கு இறக்கினேன். ஒலிவேகமும் உயரத்தோடு குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகத்தான் போகும்.

14.5 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மூன்றாவது "சரி".

இந்த முறை துள்ளிக் குதிக்கவில்லை. நிலையான 0.3 வைத்த நிரல் 14.1 கொடுத்தது, இது 14.5 கொடுக்கிறது. தூரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் தேர்ச்சி. அதனால் தூரத்தை ஒதுக்கிவிட்டு மற்ற எண்களை அருகருகே வைத்தேன். நிலைக் குணகக் குண்டு 61 விநாடிக்கு மேல் பறந்து, 60 டிகிரி சரிவில், 284 மீ/வி வேகத்தில் விழுகிறது. அட்டவணைக் குண்டு 60 விநாடிக்குள் முடித்துவிட்டு, 55 டிகிரியில், 320 மீ/வி பக்கமாக வந்து விழுகிறது. தூரம் ஒன்றானாலும் பறந்த விதம் வேறு. முதல் நிரல் ஆரம்பத்தில் தடையைக் குறைத்து மதிப்பிட்டு, மீதி வழி முழுக்க அதிகமாக மதிப்பிட்டு, இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் விடை நெருங்கி வந்திருக்கிறது.

அட்டவணை நிரலின் வேகக்கோட்டை வரைந்து பார்த்தபோது கதை தெளிவானது. முதல் 12 விநாடிக்குள் 563 என்பது 316ஆகச் சரிந்து, குண்டு ஒலிவேகத்துக்குக் கீழே வந்துவிடுகிறது. சண்டையெல்லாம் அங்கேதான். மீதி 47 விநாடியும் காற்று அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதே இல்லை. உச்சியில் 240 மீ/வி சொச்சம், இறங்கும்போது புவியீர்ப்பு மறுபடி வேகம் ஏற்றித் தரைக்கு அருகில் ஒலிவேகத்தை எட்டிப் பார்க்கிறது. தாண்டவில்லை, அந்த மேடு தடுத்துவிடுகிறது.

இதிலும் ஏமாந்துவிடக் கூடாது. அட்டவணையை 5 சதவீதம் ஏற்றி இறக்கினால் வீச்சு 300 மீட்டர் பக்கம் நகர்கிறது. என் வளைவு அந்தக் குண்டுக்கே அளந்து எடுத்தது இல்லை, அதனால் 14.6உடன் நூறு மீட்டருக்குள் பொருந்தினால் அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. வெப்பநிலையும் சும்மா விடாது: காற்றடுக்கு முழுவதையும் 20 டிகிரி சூடாக்கியபோது அடர்த்தி 6.5 சதவீதம் குறைந்து, குண்டு 400 மீட்டர் அளவுக்குக் கூடுதலாகப் போயிற்று. பீரங்கிப் படைகள் சுடுமுன் வானிலை அறிக்கைக்காக ஏன் காத்திருக்கின்றன என்று அப்போது புரிந்தது.

ஆர்வக்கோளாறில் 1918இல் பாரிஸ் நகரைத் தாக்கிய ஜெர்மானிய நெடுந்தூரப் பீரங்கியையும் ஓட்டிப் பார்த்தேன். வெளியேறும் வேகம் விநாடிக்கு 1,600 மீட்டருக்கு மேல், தூரம் சுமார் 120 கிலோமீட்டர், உச்சி 40 கிலோமீட்டர். அந்த உயரத்தில் காற்று தரையில் இருப்பதில் ஒரு சதவீதம்கூட இல்லை. என் நிரலிலும் சிறந்த கோணம் 50 டிகிரிக்கு மேலே ஏறியது, அந்தப் பீரங்கியும் அப்படித்தான் நிமிர்ந்து சுட்டது. ஆனால் 120 கிலோமீட்டரில் பூமி ஒரு கிலோமீட்டருக்கு மேல் வளைந்துவிடும். என் பூமி தட்டை. அந்த எண்ணை எழுதி வைக்காமல் அழித்துவிட்டேன்.

வால் ஒட்டிய பந்து

கடைசியாக ஒரு ஆசை. ஒலிவேகத்துக்குக் கீழே தடையின் பெரும்பங்கு பின்பக்கத்திலிருந்து வருகிறது. குண்டின் தட்டையான அடிப்பாகத்துக்குப் பின்னால் காற்று ஒட்டாமல் பிய்ந்து, அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகி, அது குண்டைப் பின்னுக்கு உறிஞ்சுகிறது. இதைச் சமாளிக்க அடிப்பாகத்தைப் படகின் பின்பக்கம் மாதிரி ஒடுக்குவார்கள். இன்னொரு வழி, அடியில் மெதுவாக எரியும் ஒரு மருந்தை வைத்து, அதன் வாயுவால் அந்தப் பள்ளத்தை நிரப்புவது. 1960களில் ஸ்வீடனில் உருவான உத்தி. உந்தித் தள்ளுவதற்காக இல்லை, பள்ளத்தை மூடுவதற்காக மட்டும். அதிலேயே வீச்சு 20 முதல் 30 சதவீதம் கூடுகிறது.

அந்த ஒடுக்கத்தை மேசைப்பந்தில் செய்து பார்க்கலாமே என்று, காகிதத்தில் 6 சென்டிமீட்டர் நீளக் கூம்பு செய்து பந்தின் பின்னால் ஒட்டினேன். கூடிய எடை 0.3 கிராம்கூட இல்லை. துளி வடிவம், அழகாக இருந்தது. படங்களின் எண்ணிக்கை 303இலிருந்து நன்றாகக் குறையும் என்று எதிர்பார்த்து விட்டேன்.

ஒரு மீட்டர்கூட நேராக விழவில்லை. அப்படியே குட்டிக்கரணம். வால் கீழே, பந்து மேலே, மறுபடி சுழன்று சுவரில் மோதியது. பத்து முறை விட்டேன், பத்தும் அதே. முனையில் 2 கிராம் களிமண் அப்பிப் பார்த்தேன். கரணம் நின்றது, ஆனால் ஊசல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே விழுந்தது. அந்த ஆட்டத்தோடு எடுத்த நேரத்தை வைத்து எந்தக் குணகமும் சொல்ல முடியாது.

தோல்விக்குக் காரணம் யோசித்தால் சுலபம். அம்பில் இறகு பின்னால் விரிந்திருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் காற்று இறகைப் பிடித்து நேராக்கிவிடும். நான் செய்தது அதற்கு நேர் எதிர். பின்னால் போகப்போக ஒடுங்கும் உருவத்தில் காற்றின் பிடி முன்பக்கம் நகர்ந்துவிடும், எடையின் மையமோ வாலால் கொஞ்சம் பின்னுக்குப் போயிருக்கிறது. சாய்ந்தால் காற்று மேலும் சாய்க்கும். பீரங்கிக் குண்டுக்கும் இதே வியாதிதான். குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிகள் அதைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகின்றன, விநாடிக்கு நூறு சுற்றுக்கு மேல். அந்தச் சுழற்சிதான் மூக்கை நேராகப் பிடித்து வைக்கிறது. அதற்குக் கூலியாகக் குண்டு சுழலும் பக்கமாகவே மெல்ல ஒதுங்கவும் செய்யும். மேலும் கீழும் மட்டும் தெரிந்த என் இரு பரிமாண நிரலுக்கு அந்த ஒதுக்கம் கண்ணிலேயே படாது.

பந்தைச் சுழற்றி விட ஒரு சின்ன மோட்டாரில் கிண்ணம் பொருத்திப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியிலேயே கூம்பு கழன்று ஒரு பக்கமும், பந்து படிக்கட்டின் கைப்பிடியில் பட்டு நசுங்கி ஒரு பக்கமும் போயின. வெந்நீரில் போட்டதில் நசுங்கல் எழும்பிவிட்டது, ஒரு மடிப்பு மட்டும் மிச்சம். அடுத்த முறை கூம்பைப் பசையால் ஒட்டாமல், பந்திலேயே சின்னத் துளை போட்டுச் செருக வேண்டும்.